வீட்டுக்கும் மைதானத்துக்கும் இடையே

பிள்ளையொருவன் முறையாகப் பந்து விளையாடத் தொடங்கும் நாளில், அவனுடைய வாழ்வில் புதிதாக ஒரு பெரியவர் வந்து சேர்கிறார். அவர் உறவினர் அல்லர். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துக் கேட்டனுப்பும் வகுப்பாசிரியரும் அல்லர். ஆயினும், காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னால் பிள்ளை நிற்கிறான். அதே சொல்லைத் தாய் பத்து முறை சொன்னாலும் போர்வை அசைவதில்லை! எதை உண்பது, எப்போது உறங்குவது, யாரோடு பழகுவது என்பவற்றிலெல்லாம் அவருடைய சொல் மெல்ல மெல்ல வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. இத்துணை அதிகாரம் படைத்த ஒருவரோடு பெற்றோராகிய நாம் ஆண்டு முழுவதிலும் எத்தனை முறை அமர்ந்து பேசுகிறோம்? கோப்பை வாங்கும்போது கைகுலுக்குகிறோம். அணியில் பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் முகம் திருப்பிக்கொள்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே பேச வேண்டியவை எத்தனையோ உள்ளன.

நாங்கள் வாழ்வது குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரச் சிற்றூர் ஒன்றில். இந்தக் கரையில் கால்பந்து நேற்று வந்த பொழுதுபோக்கன்று. கோயில் திருவிழாவென்றால் கொடியேற்றத்தோடு கால்பந்துப் போட்டியும் உண்டு. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய சூப்பர் லீக்கில் ஆடத் தொடங்கிய பின்னர், மணலில் வெறுங்காலோடு பந்துதைக்கும் சிறுவர் பலரின் கண்களிலும் ஒரு கனவு குடியேறிவிட்டது. அந்தக் கனவில் பெற்றோருக்கும் பங்குண்டு. விளையாட்டு விடுதி, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, பின்னர் காவல்துறையிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை என்று கணக்குப் போடாத இல்லம் இங்கே குறைவு. கணக்குப் பெரிதாகப் பெரிதாகப் பேச்சு கடினமாகிவிடுகிறது என்பதையும் கண்டிருக்கிறோம்.

எங்களுக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி. இருவரும் ஆடுகின்றனர். எங்களுள் ஒருவர் அஞ்சலகப் பணியில் இருப்பவர். மற்றவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். இருவருக்கும் பந்தாட்டம் தெரியாது. ஆஃப்சைடு என்பதைப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டுகளை நகர்த்தி நகர்த்தி விளக்கியும் எங்களுக்கு அது இன்னும் பாதிதான் விளங்கியிருக்கிறது. எனவே ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. பயிற்சியாளர்களோடு ஐந்தாறு ஆண்டுகளாகப் பேசிப் பழகியதில் அறிந்தவற்றையே எழுதுகிறோம்.

மகனுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, ஞாயிறு பூசையில் எல்லாரும் முழந்தாளிடும் வேளையில் அவன் மட்டும் பெஞ்சின் நுனியில் சாய்ந்து அமர்ந்திருந்தான். பின்வரிசையில் இருந்தோர் அதை ஒழுங்கீனம் என்று கருதியிருக்கக்கூடும். அடுத்த ஞாயிறும் அவ்வாறே அமர்ந்தான். வீட்டில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக இறங்குவதையும் கண்டோம். கேட்டால், "ஒன்றுமில்லை" என்றான். கால்சட்டையை உயர்த்திப் பார்த்தபோது, இடது முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே சிறு முடிச்சுப்போலப் புடைத்திருந்தது. தொட்டதும் முகம் சுளித்தான்.

மருத்துவர் அச்சப்பட ஒன்றுமில்லை என்றார். வளரும் வயதில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு வருவது இது. தொடையின் முன்பக்கத் தசையிலிருந்து வரும் நாண், முழங்காற்சில்லைக் கடந்து கீழ்க்கால் எலும்பின் முன்புறத்தில் பொருந்துகிறது. அவ்விடத்தில் எலும்பு இன்னும் முதிராமல் குருத்தெலும்பாகவே இருக்கும். பிள்ளை விரைந்து உயரும் மாதங்களில், ஓடும்போதும் குதிக்கும்போதும் உதைக்கும்போதும் நாண் அந்த மெல்லிய இடத்தை இழுத்து இழுத்துப் புண்படுத்துகிறது. 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் ஆஸ்குட் என்பவரும் சுவிட்சர்லாந்தில் கார்ல் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே இதை விவரித்ததால் அவ்விருவர் பெயராலும் வழங்குகிறதாம். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. குதிப்பதையும் விரைந்தோடுவதையும் சில காலம் குறைக்க வேண்டும், பயிற்சிக்குப் பின் பனிக்கட்டி ஒற்ற வேண்டும், தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்ய வேண்டும். இவ்வளவே மருத்துவம்.

மருத்துவம் எளிது. ஆனால், இரண்டு மாதமாக வலி இருந்தும் அது யாருக்கும் தெரியாமல் போனது எங்ஙனம்? மருத்துவரின் சீட்டோடு மகனையும் அழைத்துக்கொண்டு பயிற்சியாளரைக் காணச் சென்றோம். அவர் வியப்புற்றார்.

"இவன் ஒரு மாதமாகவே இடது காலை ஊன்றத் தயங்குகிறான். கேட்டேன். ஒன்றுமில்லை மாஸ்டர் என்றான். சோம்பல் என்று நினைத்து இரண்டு சுற்று அதிகம் ஓடவிட்டேன்" என்றார்.

எங்களிடமோ, மைதானத்தில் மாஸ்டர் லேசான பயிற்சிதான் கொடுக்கிறார் என்று சொல்லியிருந்தான். காலை ஊன்றத் தயங்குவதை அவர் கண்டிருந்தார். முழந்தாளிட இயலாததை நாங்கள் கண்டிருந்தோம். உண்மையின் ஒரு பாதி மைதானத்திலும் மறுபாதி வீட்டிலும் கிடந்தது. இரண்டையும் அறிந்திருந்தவன் பிள்ளை ஒருவனே. அவனோ இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. திருவிழாக் கோப்பைக்கு ஆறு வாரம் இருந்தது. சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம் அவனுக்கு.

பிள்ளையைப் பொய்யன் என்று சொல்லிவிடுவது எளிது. பதின்மூன்று வயதில் தான் மிகவும் விரும்பும் ஒன்றை இழக்க எவன் முன்வருவான்? வீட்டுக்கும் மைதானத்துக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் வேலையை நாம் பெரியவர்கள் பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்கிறோம். "மாஸ்டரிடம் சொல்லிவிடு" என்கிறோம் நாம். "வீட்டில் சொல்லிவிடு" என்கிறார் அவர். அச்செய்தியால் இழப்பு வரக்கூடியது யாருக்கோ அவனே தூதன்! இழப்பு வரும் செய்தியை அவன் பாதி வழியில் விழுங்கிவிடுகிறான். ஆதலால் உடல்நலம், உறக்கம், அச்சம், பணம் ஆகிய நான்கைப் பற்றிய செய்தி பெரியவரிடமிருந்து பெரியவருக்கு நேரே செல்ல வேண்டும் என்று அன்றே எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் செல்லக்கூடாது. அவனை அருகில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். தன்னைப் பற்றி மறைவில் பேசுகிறார்கள் என்று தோன்றிவிட்டால் அடுத்த வலியையும் மறைப்பான்.

அன்று பயிற்சியாளர் மகனிடம் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். "மக்கா, உன் இடம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது என்றும் வாக்குக் கொடுக்கமாட்டேன். கால் சரியானதும் வா, பார்ப்போம். அதுவரை நாள் தவறாமல் மைதானத்துக்கு வர வேண்டும்." பையன் அழுதான். ஆயினும் மறுநாள் சென்றான். நின்றபடியே பந்தைக் கடத்தும் பயிற்சி கொடுத்தார். எதிரணியின் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துத் தாளில் குறித்துவரச் சொன்னார். திருவிழாக் கோப்பையில் அவன் ஆடவில்லை. ஐந்து மாதம் கழித்து ஆடினான்.

பெற்றோர் எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பதில்தான் பெரும்பாலான மனத்தாங்கல்கள் பிறக்கின்றன. இதற்கு எங்களூர் மீனவர் ஒருவர் தந்த விளக்கத்தைவிடச் சிறந்ததை நாங்கள் இதுவரை கேட்டதில்லை. இங்குள்ள தந்தையருள் பலர் ஆழ்கடல் தொழிலுக்குச் செல்வோர். விசைப்படகில் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பயிற்சியாளர் அவர்களை எங்கே காண்பது? மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கட்டிக்கிடக்கும், தந்தையர் வீட்டில் இருப்பர். பள்ளி திறப்பதும் அப்போதுதான். எனவே எங்கள் பயிற்சியாளர் ஆண்டுதோறும் ஜூன் மாதத்து ஞாயிறு மாலையொன்றில் பெற்றோரைக் கூட்டுகிறார். அது மழைக்காலமாதலால் கூட்டம் பள்ளித் தாழ்வாரத்தில் நடைபெறும்.

அத்தகைய கூட்டமொன்றில் தந்தையொருவர் எழுந்து, "மாஸ்டர், எம் மகன் முன்வரிசையில் ஆட வேண்டியவன். நீங்கள் பின்னால் நிறுத்துகிறீர்களே, ஏன்?" என்று கேட்டார்.

"அண்ணே, கடலில் எந்த இடத்தில் வலை போடுவது என்று நான் சொன்னால் கேட்பீர்களா?" என்றார் பயிற்சியாளர். எல்லாரும் சிரித்தனர்.

கேட்டவர் சிரிக்கவில்லை. "கேட்கமாட்டேன். ஆனால் வலை கிழிந்திருக்கிறது என்று கரையில் நிற்கிற ஒருவன் சொன்னால் கட்டாயம் கேட்பேன்" என்றார்.

தாழ்வாரம் அமைதியாயிற்று. பயிற்சியாளரும் தலையசைத்தார். எந்த இடத்தில் ஆடுவது, எத்தனை நிமிடம் ஆடுவது, யாரை மாற்றி யாரை இறக்குவது ஆகியவை அவருடைய தொழில். அதில் பெற்றோர் நுழைந்தால் இருபது பிள்ளைகளுக்கு நாற்பது பயிற்சியாளர் ஆகிவிடுவர். பிள்ளை உண்ணாமல் வருகிறான், இரவில் அழுகிறான், பயிற்சிக்குப் போகவே அஞ்சுகிறான், வீட்டில் பாட்டி இறந்துவிட்டார் என்பனவெல்லாம் வலை கிழிந்த செய்திகள். இவற்றைக் கேட்க மறுக்கும் பயிற்சியாளர் எத்தனை கோப்பை வாங்கியவராயினும் அவரிடம் பிள்ளையை விட எங்களுக்கு மனம் வராது. தன் மகன் ஏன் இறக்கப்படவில்லை என்று பெற்றோர் கேட்கவே கூடாதா எனில், கேட்கலாம். "அவன் முன்னேற வீட்டிலிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பயன் உண்டு. "அவனைவிட இவன் எதில் குறைந்தவன்?" என்று கேட்பவர் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் வழக்கில் இழுத்துவிடுகிறார்; அதற்கு எந்தப் பயிற்சியாளரும் விடை சொல்லலாகாது. எங்கள் பயிற்சியாளர் சொல்வதுமில்லை. ஒரு பிள்ளையைப் பற்றி அப்பிள்ளையின் பெற்றோரிடமன்றி வேறெவரிடமும் பேசமாட்டார்.

நேரம் என்றொன்று உண்டு. போட்டி முடிந்த மாலையில் பேசுதல் வேண்டா. தோற்ற ஆட்டமாயின் இரு பக்கமும் நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கும். வென்ற ஆட்டமாயின் எதையும் காதில் வாங்கார். ஓர் இரவு கடந்தபின் பேசினால், சொல்ல நினைத்தவற்றுள் பாதி தேவையற்றவை என்று நமக்கே தோன்றிவிடும். எல்லைக்கோட்டருகே நின்று, "அடி! அடி!" என்று கூவும் தந்தையரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆறு மாதமாகப் பந்தைத் தோழனுக்குக் கடத்தப் பழக்கியவர் அப்போது பெஞ்சில் அமர்ந்து தலையில் கைவைத்துக்கொள்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பிள்ளை யார் சொல்லைக் கேட்பான்? இரண்டையும் கேட்டுப் பந்தை இழப்பான்.

இக்காலத்தில் வாட்ஸ்அப் குழு வேறு வந்துவிட்டது. நாளை ஐந்தரைக்குப் பயிற்சி, தண்ணீர்க் குப்பி மறவாதீர் என்பன போன்ற செய்திகளுக்கு அதுபோல் வசதி வேறில்லை. மனக்குறைக்கு அதுபோல் தீங்கும் வேறில்லை. எங்கள் குழுவில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு ஒருவர், இன்னின்ன பையன் தவறவிட்ட பந்தினால்தான் தோற்றோம் என்று எழுதிவிட்டார். அப்பையனின் தாயும் அதே குழுவில் இருப்பவர். யாரும் விடை எழுதவில்லை. மறுநாள் முதல், பயிற்சியாளர் மட்டுமே எழுதத்தக்கதாக அக்குழு மாற்றப்பட்டது. குறையுள்ளோர் அவரைத் தனியே அழைக்கலாம், இரவு ஒன்பதுக்கு முன்னர். அவருக்கும் மனைவி மக்கள் உண்டல்லவா?

பெற்றோரே விளையாட்டில் வல்லவராயிருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். பூப்பந்து வீராங்கனை பி. வி. சிந்துவின் தந்தை ரமணா கைப்பந்து வீரர். 1986இல் சியோலில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். பயிற்சியின் கடுமை அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகளின் பயிற்சிக்குத் துணையாகவே அவர் நின்றார். பயிற்சி கோபிசந்திடம் இருந்தது. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்குக்கு முன் சிந்துவின் கைப்பேசியைக் கோபிசந்த் மூன்று மாதம் வாங்கி வைத்துக்கொண்டதும், வெள்ளிப் பதக்கத்திற்குப் பின்னரே திருப்பிக் கொடுத்ததும் நாடறிந்த செய்தி. இதைப் படித்துவிட்டுச் சிறு பிள்ளைகளிடமும் அதேபோல் நடக்க விரும்பும் பயிற்சியாளர்கள் உண்டு. சிந்து அப்போது இருபத்தொரு வயது நிரம்பியவர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உணவையோ உறக்கத்தையோ மாற்றுவதாயின், முதலில் வீட்டாரிடம் கேட்பதே முறை.

பெண் பிள்ளைகளின் செய்தி வேறு. மகன் ஆடினால் பெருமைப்படும் அதே வீடு, மகள் பூப்பெய்தியதும் "போதும், பந்தை மூலையில் வை" என்கிறது. எங்கள் இல்லத்திலும் அப்பேச்சு எழுந்தது. சொன்னவர் எங்களோடு வாழும் பாட்டி. எங்களுக்கு மகள் ஆட வேண்டும் என்பதே விருப்பம். ஆயினும் எண்பது வயதுப் பெரியவரை மீறி அனுப்பிவிட்டால் வீட்டில் நாள்தோறும் பூசல். அச்சமயம் பெண்களின் பயிற்சியாளர் தாமாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். தாமும் முன்பு ஆடியவர். முன்னறையில் எங்களோடு அமராமல் நேரே அடுக்களைக்குச் சென்று பாட்டியின் அருகில் பலகையில் அமர்ந்தார்.

பாட்டி கேட்ட கேள்விகள் எல்லாம் நேரானவை. வெளியூர் போனால் கூட யார் வருவார்? எங்கே உறங்குவார்கள்? கழிப்பறை இருக்கிறதா? அந்த நாள்களில் என்ன செய்வாள்? காலைக் காட்டி ஆடினால் ஊர் என்ன சொல்லும்? பயிற்சியாளர் ஒன்றையும் சிரித்துத் தள்ளவில்லை. பெண் பயிற்சியாளரும் தாய்மார் இருவரும் எப்போதும் உடன் வருவர். தங்குமிடத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் முன்னரே வீட்டுக்குத் தரப்படும். அந்த நாள்களில் இயன்றால் ஆடலாம், இயலாவிடில் உட்காரலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். முழங்கால் மறைக்கும் உள்ளுடை அணியலாம் என்று ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்ற கதையையும் சொன்னார். பாட்டிக்கு அதில் அக்கறை இல்லை. "மாலை மூவேளைச் செபமணி அடிக்கும்போது பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும்" என்றார். பெண்களின் பயிற்சி அரைமணி நேரம் முன்னதாக மாற்றப்பட்டது. இப்பொழுது பிள்ளை புறப்படத் தாமதித்தால் விரட்டுபவரும் பாட்டிதான்!

அன்று அவர் எங்களிடம் தனியே சொன்னதொன்றைப் பெண் பிள்ளைகளைப் பெற்றோர் அனைவரும் அறிவது நன்று. கடும்பயிற்சியும் போதா உணவும் சேர்ந்தால் சிலருக்கு மாதவிலக்கு தொடர்ந்து சில மாதங்கள் நின்றுவிடும். விளையாடுகிற பெண்ணுக்கு அது இயல்பு என்று விட்டுவிடலாகாது. எலும்பின் வலிமையையே அது குறைக்கும். பயிற்சியாளருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, தாய்க்குத் தெரியும். மருத்துவரிடம் காட்டிவிட்டு, பயிற்சியாளரிடமும் சொல்ல வேண்டும்.

சில வேளைகளில் பயிற்சியாளர் சொல்வதை மறுக்கவும் வேண்டியிருக்கிறது. வெளியூர்த் தேர்வு ஒன்றில், அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர் எங்களை ஒதுக்குப்புறமாக அழைத்து, மகனின் வயதில் ஓராண்டைக் குறைத்துச் சான்றிதழ் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். எல்லாரும் செய்வதுதான் என்றார். சிறார் விளையாட்டில் இந்நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதற்கு, இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியைக் கணிக்கும் சோதனையைக் கிரிக்கெட் வாரியமே நடத்திவருவது ஒன்றே போதிய சான்று. நாங்கள் மறுத்தோம். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் மையால் எழுதப்பட்ட நாள் இருக்கிறது என்பது ஒருபுறம். பிறந்த நாள் வரும்போதெல்லாம் பிள்ளை அக்கம்பக்கம் பார்த்துக் கேக் வெட்ட வேண்டுமே என்பது மறுபுறம். ஒருமுறை வயதில் பொய் சொல்லிவிட்டால், அதன்பின் அந்தப் பயிற்சியாளரிடம் எதையும் தட்டிக்கேட்கும் உரிமை நமக்கு ஏது? அவர் வாயும் நம் வாயும் ஒரே பூட்டினால் பூட்டப்பட்டுவிடும். அத்தேர்வில் மகன் எடுக்கப்படவில்லை.

பூட்டிய வாயைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், எழுதவே கசப்பானது. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில நீதிமன்றத்தில், ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர் தங்களுக்குச் செய்த பாலியல் கொடுமைகளைப் பற்றி 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். சிலருக்கு அது நேர்ந்தபோது பெற்றோர் அதே அறையில் இருந்தனர். பெரியவர் என்ற நம்பிக்கையில் ஒன்றும் ஐயுறவில்லை. சிலர் பல்லாண்டுகளுக்கு முன்பே பெரியவர்களிடம் முறையிட்டும் யாரும் செவிசாய்க்கவில்லை. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு இத்தகைய குற்றம் நேர்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

நல்ல பயிற்சியாளர் எவரும் இதுகுறித்துப் பெற்றோர் கேட்பதைத் தமக்கு இழுக்காகக் கருதார். எங்கள் ஜூன் கூட்டத்தில் இதை அவரே முதலில் எடுத்துப் பேசுகிறார்: தனியொரு பிள்ளையைத் தம் வண்டியில் ஏற்றிச் செல்வதில்லை, பிள்ளைகளுக்குத் தனிச்செய்தி அனுப்புவதில்லை, காயத்துக்குத் தைலம் தேய்ப்பதாயினும் நால்வர் முன்னிலையில்தான். பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லிவைத்திருப்பது ஒன்றே. அடித்தாலும் வைதாலும் அதை எங்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் "வீட்டில் சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் எதைச் சொன்னாலும், அதை அன்றே வந்து சொல்லிவிட வேண்டும்.

பேச்சு என்றாலே குறை என்று எண்ணிவிட வேண்டா. இங்குள்ள பயிற்சியாளர்களுள் பலர் பகலில் வேறு வேலை செய்து பிழைப்பவர்கள். பந்துக்கும் வலைக்கும் கைக்காசு போடுகிறவர்கள். எல்லாம் நன்றாய் நடக்கும் மாதத்தில் ஒருவர் சென்று, "பிள்ளை வீட்டில் தம்பியிடம் பொறுமையாக இருக்கிறான், உங்கள் பழக்கம்தான்" என்று சொன்னால் அவருக்கு அது கூலியைவிடப் பெரிது. பத்தாம் வகுப்புத் தேர்வு ஆண்டிலும் இவ்வகைப் பழக்கமே எங்களுக்குக் கைகொடுத்தது. ஆட்டத்தை ஜூனிலேயே நிறுத்திவிடும் இல்லங்கள் உண்டு. நிறுத்தியவுடன் பிள்ளை படிப்பான் என்பதற்கு உறுதியும் இல்லை. மகனை நடுவில் இருத்திப் பயிற்சியாளரும் நாங்களும் பேசினோம். ஜனவரி வரை வாரம் மூன்று காலை. அரையாண்டில் எந்தப் பாடத்திலாவது சறுக்கினால் இரண்டு. பிப்ரவரி முதல் ஒன்றுமில்லை. கணக்கில் சறுக்கினான். இரண்டாயிற்று. மகன் வாதாடவில்லை, ஏனெனில் அந்த ஏற்பாட்டில் அவனுடைய சொல்லும் இருந்தது.

சென்ற ஆண்டு பிளஸ் ஒன் வகுப்புக்கு விளையாட்டு விடுதியொன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. புறப்படும் முன் பயிற்சியாளர் எங்களை அழைத்து, அங்குள்ள பயிற்சியாளரிடம் கொடுக்குமாறு தாளொன்றைத் தந்தார். ஒட்டப்படாத உறை. மகனும் படித்தான். இடது முழங்காலில் முன்பு வலி இருந்தது, மழைக்காலத்தில் கவனிக்கவும். காலையில் உண்ணாமல் வந்துவிடுவான், கேட்கவும். பலர் முன்னிலையில் திருத்தினால் குறுகிவிடுவான், தனியே அழைத்துச் சொன்னால் மறக்கமாட்டான். வலித்தால் சொல்லமாட்டான், நடையைப் பார்க்கவும். இவ்வளவே எழுதியிருந்தது. அதன் கீழே, தொலைபேசியில் எங்களைப் பிடிக்கத்தக்க நேரத்தையும், வீட்டுக்கு அழைத்தால் முதலில் எடுப்பவர் பாட்டியாதலால் சற்று உரக்கப் பேசுமாறும் நாங்கள் எழுதிச் சேர்த்தோம்.